மொரிஸ் மைனரை வீட்டு முற்றத்தில் பராமரிப்பது: முதல் தடவை கை வைப்பவர்களுக்கு

பழைய மொரிஸ் மைனர் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, பற்றரியைப் பூட்டி ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் வரிசையும் கியூஆர் கோட்டுமாக இலங்கை கிடந்த காலத்தில் எங்கள் வீட்டு 1959ஆம் ஆண்டுக் காரை மாமரத்துக்குக் கீழே விட்டிருந்தோம், ஒன்றரை வருடம் கழித்துப் போய்ச் சாவியைத் திருப்பினால் இரண்டு இருமலோடு பத்திவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அப்படியே ஒழுங்கைக்குள் இறக்கினேன். மூன்றாவது தரம் பிறேக்கை மிதித்தபோது கால் நேரே தரையில் போய் முட்டியது. கார் நின்றது பக்கத்து வீட்டுக் கிடுகு வேலிக்குள். மதிலாக இருந்திருந்தால் இதை இவ்வளவு இலகுவாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே இந்தக் குறிப்பின் ஒழுங்கு கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் காரை நிற்க வைப்போம், அடுத்தது சில்லு மடங்காமல் பார்ப்போம், அதற்குப் பிறகுதான் எஞ்சின். எஞ்சின் பழுதானால் கார் வீட்டில் நிற்கும், அவ்வளவுதான்.

கை வைக்க முன்

1948இல் தொடங்கி 1971 வரை வந்த இந்தக் காருக்கு 918, 803, 948, 1098 சி.சி. என்று நான்கு எஞ்சின்கள் போட்டார்கள். உங்களுடையது எது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாமான் கடையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கீழே நான் சொல்லும் எஞ்சின் அளவுகள் 948க்கும் 1098க்கும் பொருந்தும். 918 வேறு ஜாதி, அதன் வால்வுகளே பக்கத்தில் இருக்கின்றன.

ஸ்பனர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போகும், போய்க் கொஞ்சம் ஆடும், இறுகிய நட்டாக இருந்தால் நாலு மூலையையும் தின்றுவிட்டுத்தான் வெளியே வரும். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். அதோடு ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கிறீஸ் கன், நல்ல ஜக், இரண்டு இரும்பு ஸ்ராண்ட். சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்து அதன் மேல் காரை இருத்திக் கீழே படுக்க வேண்டாம், அது வெடிப்பதற்கு முன் சத்தம்கூடப் போடாது. நல்ல பனங்குற்றி எவ்வளவோ மேல், ஆனால் ஸ்ராண்ட் வாங்குங்கள். காரோடு வந்த பழைய ஜக்கை நினைவுப் பொருளாக வைத்திருக்கலாம். அது போய்ச் செருகும் இடம்தான் வழக்கமாக முதலில் கறள் பிடிக்கும் இடம்.

கழற்ற முன் கைபேசியில் படம் எடுங்கள், ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. பிளக், பொயின்ற், காபரேற்றர் மூன்றையும் ஒரே பின்னேரத்தில் மாற்றினால், பிறகு கார் பத்தாதபோது எதனால் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறேக்

மிதிக்கும்போது பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், பலருக்கு அது எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பொனற்றுக்குள் தேடினால் கிடைக்காது. சாரதியின் காலடியில் விரிப்பைத் தூக்கினால் தரைத் தகட்டில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குக் கீழேதான் பிறேக் எண்ணெய் விடும் வாய். கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் வருடக்கணக்காக யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறக்க முன் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஈரத் துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் வடிவாகத் துடையுங்கள். ஒரு மணல் துணிக்கை உள்ளே விழுந்தாலே றப்பர் சீலைக் கீறப் போதும்.

எண்ணெய் டொட் 3 அல்லது டொட் 4, போத்தலில் DOT என்று போட்டிருக்கும். தட்டுப்பாட்டு நேரத்தில் எஞ்சின் ஒயிலை விட்டுச் சமாளித்த ஆட்களும் இருக்கிறார்கள், அந்தப் புத்தி உங்களுக்கு வேண்டாம். எஞ்சின் ஒயில் பட்டால் சீல்கள் ஊதிப் பெருத்து, அந்தப் பாதையில் உள்ள றப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். பிறேக் எண்ணெய் பெயின்றையும் உரித்துவிடும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பிறகு நாலு சில்லையும் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். என் காரில் பின் இடது சில்லின் பின்தட்டு நனைந்து கிடந்தது. சில்லுச் சிலிண்டரின் சீல் காய்ந்து, அத்தனை எண்ணெயும் அந்த வழியால் போயிருந்தது. இந்தக் காரின் பிறேக் ஒரே பாதை, ஒரு சில்லில் ஒழுகினால் நாலும் போகும், மிஞ்சுவது கைப்பிறேக் மட்டும்தான். அதனால் கைப்பிறேக் கேபிளுக்கும் கிறீஸ் வையுங்கள், சும்மா தொங்க விடாதீர்கள்.

ட்றம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் காற்றடிக்கவும் கூடாது. பழைய பிறேக் லைனிங்கில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டி எறிந்துவிடுங்கள்.

இறுக்கம் சரிசெய்வது கஷ்டமில்லை. சில்லை உயர்த்தி, ட்றம்மில் உள்ள ஓட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து அதற்குள்ளால் அஜஸ்ரரை ஸ்குறூ ட்றைவரால் திருப்ப வேண்டும். முன்னால் சில்லுக்கு இரண்டு, பின்னால் ஒன்று. சில்லு பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, அது சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்னுக்கு விடுங்கள். முன்சில்லில் இரண்டாவது அஜஸ்ரரை மறந்துவிட்டு, பிறேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, பிறேக் குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுப்பது. இதற்கு வீட்டில் ஒரு தம்பியோ மகளோ வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்தில் இருக்கும் பின்சில்லில் தொடங்கி, காற்று வெளியேறும் நிப்பிளில் ஒரு குழாயைப் பூட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிறேக் எண்ணெய் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். "மிதி" என்றதும் அவர் மிதிக்க நீங்கள் நிப்பிளை இளக்க வேண்டும், அவர் காலை எடுக்க முன் நீங்கள் இறுக்க வேண்டும். குமிழி வராமல் நிற்கும் வரை இதே வேலை. இடையில் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வற்றினால் முதலில் இருந்து. போத்தலில் சேர்ந்த எண்ணெயைத் திருப்பி ஊற்ற வேண்டாம்.

ட்றனியன்: இந்தக் காரின் பலவீனம்

அலெக் இசிகோனிஸ் இந்தக் காருக்குப் போட்ட முன் சஸ்பென்சன் அந்தக் காலத்துக்குக் கெட்டித்தனமான வேலை. ஸ்பிரிங் சுருளுக்குப் பதிலாக நீளமான உருக்குக் கம்பி முறுகி முறுகிப் பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் முன்சில்லைப் பிடித்திருக்கும் நிமிர்ந்த காலின் மேல்முனையும் கீழ்முனையும் புரிகளால் ட்றனியன் என்ற உலோகக் கட்டைக்குள் ஏறி நிற்கின்றன. ஸ்ரியரிங்கை ஒடிக்கும்போது அந்தப் புரிகளில்தான் கால் திரும்புகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேயும், தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் கால் கழன்று வெளியே வரும், முன்சில்லு மட்கார்ட்டுக்குக் கீழே மடங்கிப் படுக்கும். சந்தியில் மூக்குக் குத்திக் கிடக்கும் மொரிஸ் மைனரை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு கிறீஸ் வைக்க மறப்பதில்லை.

செய்முறை இதுதான். முன்பக்கத்தை உயர்த்தி ஸ்ராண்டில் இருத்துங்கள். சில்லில் பாரம் இருக்கும்போது கிறீஸ் புரிகளுக்கிடையில் ஒழுங்காகப் போகாது. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு கிறீஸ் நிப்பிள், கீழே ஒரு கிறீஸ் நிப்பிள். துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். அடிக்க அடிக்க எதுவும் வெளியே வரவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது, கழற்றிப் புதிதாகப் போடுங்கள், விலை பெரிதில்லை. ஸ்ரியரிங் கம்பி முனைகளில் உள்ள நிப்பிள்களையும் கையோடு முடித்துவிடுங்கள்.

சில்லு மேலே நிற்கும்போதே அதன் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள், இன்னொருவர் உள்பக்கத்தில் ரோர்ச் அடித்து எங்கே அசைகிறது என்று பார்க்கட்டும். ட்றனியனில் அசைவு தெரிந்தால் கிறீஸ் அதைக் குணமாக்காது, சோடியாக மாற்ற வேண்டும். அந்த முறுகு கம்பியில் ஏகப்பட்ட விசை தேங்கி நிற்பதால், முதல் தடவை இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது என்பேன். கிறீஸுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு மாதம் ஒரு தரம், மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடினால் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தரம்.

பெற்றோல்

மாதக்கணக்கில் நின்ற கார் என்றால் தாங்கியில் உள்ளதை முகர்ந்து பாருங்கள். பழைய வார்னிஷ் மணம் வந்தால் முழுவதையும் இறக்கிவிடுங்கள். புதிதை ஊற்றிக் கலந்து சமாளிக்கலாம் என்று நினைத்தால் அந்தப் பிசின் எல்லாம் காபரேற்றருக்குள் போய் உட்காரும். பழைய றப்பர்க் குழாய்களை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்றாமல் எஞ்சினை இயக்க வேண்டாம். இதெல்லாம் வெளி முற்றத்தில், பற்றரியைக் கழற்றிவிட்டு, பீடி சிகரெட் இல்லாமல்.

சாவியைத் திருப்பியதும் "டிக், டிக், டிக்" என்று அடித்துப் பிறகு மெதுவாகி நிற்பது பெற்றோல் பம்ப். நிற்காமல் வேகமாக அடித்தால் பெற்றோல் இல்லை அல்லது எங்கோ காற்றிழுக்கிறது. சத்தமே இல்லை என்றால் உள்ளே மின்சாரத்தைத் தொடுத்து விடும் பொயின்ற் ஒட்டியிருக்கும் அல்லது கரி பிடித்திருக்கும். ஸ்குறூ ட்றைவர் பிடியால் மெல்ல ஒரு தட்டு. பெரும்பாலும் எழும்பிவிடும், ஆனால் அது எச்சரிக்கை மணி, வீட்டுக்கு வந்து திறந்து துப்புரவாக்குங்கள்.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் பத்த வைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் புகையும் மணமுமாக ஒரு ஊர்வலம். அது வேறு திறமை, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும், பெயறிங்கும் சிலிண்டரும் தேயும். ஆகவே அந்தக் காலத்தைத் தாண்டி வந்த காரை வாங்கும்போது எஞ்சினை எப்போது கடைசியாகக் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

பொறியும் வால்வும்

பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பிஸ்கற் நிறம் நல்லது. கறுத்துக் கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல், வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு, ஒயில் ஈரம் என்றால் பிஸ்ரன் வளையமோ வால்வோ. இடைவெளி 0.025 அங்குலம்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்றிபியூற்றரின் மூடியைக் கழற்றினால் அதன் பொயின்ற் தெரியும். நடுவில் சுழலும் காம் அதை முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். முகம் மேடும் பள்ளமுமாக இருந்தால் தேய்த்து மினக்கெட வேண்டாம், புதிதாகப் போடுங்கள். எரிந்த பொயின்ற் அடிக்கடி வந்தால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள். பிளக் வயர்களைக் கலக்கிவிட்டால் எரிப்பு ஒழுங்கு 1, 3, 4, 2, றோற்றர் இடஞ்சுழியாகச் சுற்றும், ரேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாவது சிலிண்டர்.

வால்வு இடைவெளி புதியவர்கள் பயப்படும் வேலை, எனக்குப் பிடித்த வேலையும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தேநீரோடு முடியும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினால் வால்வுகளை அமுக்கும் எட்டு றொக்கர் வரிசையாக. பிளக்கைக் கழற்றிவிட்டு, நாலாவது கியரில் போட்டு, காரை மெல்ல முன்னுக்குத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். இப்போது ஒன்பதாம் வாய்பாடு: எட்டாவது வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது அமுங்கும்போது இரண்டாவது, ஆறாவதுக்கு மூன்றாவது, இப்படி எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். றொக்கருக்கும் வால்வுக்கும் இடைவெளி 0.012 அங்குலம். ஃபீலர் தகடு இழுக்கும்போது கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவே. லொக் நட்டை இறுக்கியபின் இன்னொரு தரம் அளவுங்கள், இறுக்கும்போது அது நகர்ந்துவிடும்.

அளவுகளைக் கொப்பியில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்: 1, 4, 5, 8 ஆகியவை புகை வெளியேறும் வால்வுகள். ஈயம் கலக்காத இன்றைய பெற்றோலில் அவற்றின் இருக்கைகள் மெல்ல உள்ளே தின்னப்படலாம், அப்படியானால் இந்த நாலின் இடைவெளி ஒவ்வொரு தரமும் குறைந்து வரும். ஒருமுறை பார்த்தால் தெரியாது, மூன்று நான்கு பதிவுகளைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். அப்போது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வு இருக்கை போடக் கொடுக்கலாம்.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யு. காபரேற்றர் பார்க்கத்தான் மர்மம். மேலே உள்ள கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மிதிக்கும்போது கார் திக்கும். கலவையைச் சோதிக்க, எஞ்சின் சூடாகி நிதானமாக ஓடும்போது பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குள் மட்டும் மெல்ல உயர்த்துங்கள். வேகம் கூடி அந்த வேகத்திலேயே ஓடினால் பெற்றோல் கூடுதல், எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் சற்றுக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் திருப்பிவிட்டுத் திரும்பச் சோதியுங்கள்.

மின்சாரம், தண்ணீர், ஒயில்

தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இருந்தால் இந்தக் காரின் உடல் தகட்டோடு பூட்டியிருப்பது பற்றரியின் பொசிற்றிவ் முனை. இன்றைய கார்களுக்கு நேர் எதிர். இடையில் யாரும் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே பூட்டுங்கள். பக்கத்து வீட்டுக் காரில் இருந்து வயர் போட்டு ஸ்ரார்ட் செய்வதானால் பொசிற்றிவ்வுக்குப் பொசிற்றிவ், நெகற்றிவ்வுக்கு நெகற்றிவ்தான், ஆனால் இரண்டு காரும் ஒன்றையொன்று தொடவே கூடாது. பம்பர் முட்டினால் நேரடி ஷோர்ட்.

ஃபியூஸ் இரண்டே இரண்டு, ஹெட்லைற் வயர் அவற்றுக்குள்ளால் போவதும் இல்லை. துணி சுற்றிய பழைய வயர் கையில் உதிர்ந்தால் ரேப் சுற்றி மறைக்காமல் மாற்றுங்கள். பற்றரிக்கு ஒரு கட் சுவிட்ச் போடுவது காசுக்கு நட்டமில்லை.

எஞ்சின் ஒயில் 20டபிள்யூ-50, ஃபில்ரரோடு சேர்த்து ஏறத்தாழ 3.7 லீற்றர், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. ஃபில்ரர் கிண்ணத்தின் பழைய றப்பர் வளையம் மேலே பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் முற்றம் முழுக்க ஒயில். ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் இடையில் ஒரு கட்டை விரல் நீளத்தில் ஒரு றப்பர்க் குழாய் இருக்கிறதே, அது வெடித்தால்தான் அதன் அருமை தெரியும், புதியது ஒன்று டிக்கிக்குள் கிடக்கட்டும். சூடாகிறது என்று, எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரை ஓட விடும் தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது எங்கள் ஊர் வைத்தியம். ரேடியேற்றரைக் கழுவிப் பார்க்காமல் அதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கறள்

வெளியே பளபளப்பு எதையும் சொல்லாது. கீழே படுத்து, பழைய ஸ்குறூ ட்றைவரால் தட்டிப் பாருங்கள்: கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, முன்னிருக்கைக்குக் கீழே குறுக்கே போகும் சட்டத்தின் முனைகள், பின் இலை ஸ்பிரிங் தொங்கும் இடம். கணீரென்றால் நல்லது. பொத் என்றால் உள்ளே ஒன்றுமில்லை, பெயின்றும் புட்டியும்தான் நிற்கின்றன. கடற்காற்றில் நின்ற காருக்கு இது கட்டாயம் நடக்கும். வெல்டிங் வேலையை வீட்டில் பழக இது இடமில்லை, தகடு வெட்டிப் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்கள் பங்கு, கீழ்ப்பகுதியை நன்னீரால் கழுவி, நன்றாகக் காய விட்டு, கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைப்பது.

சாமான் இல்லாத கார் இதில்லை என்பது பெரிய ஆறுதல். கொழும்பு பஞ்சிகாவத்தையில் நடந்து தேடலாம், ஆனால் பழையதைக் கையில் கொண்டு போங்கள், பெயர் சொல்லி வாங்கினால் 803க்கு உரியதைத் தந்துவிடுவார்கள். பிறேக் றப்பர்களைப் பழைய இருப்பில் வாங்கவே வேண்டாம், பெட்டிக்குள் இருந்தாலும் அது காயும்.

முதல் ஓட்டம்

பற்றரி இல்லாமலும் பத்த வைக்கலாம் என்று கைப்பிடியால் சுழற்றிக் காட்டுவது இந்தக் காரின் பெருமை. கியர் நியூற்றரலில் இருக்கட்டும், கட்டை விரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது அந்த விரல் முறியும்.

பத்தியதும் றோட்டுக்கு ஓட வேண்டாம். முற்றத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நாலு தரம் ஓட்டிப் பிறேக்கை மிதியுங்கள், பிறகு காலை அழுத்தியபடியே ஒரு நிமிடம் வைத்திருங்கள், பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் ஒழுங்கை முனை வரை போய் வாருங்கள். வந்ததும் நாலு ட்றம்மையும் கையைக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சில்லில் பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அஜஸ்ரரை ஒரு கிளிக் இளக்குங்கள். கீழே ஒரு பழைய காட்போட் மட்டையை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள், காலையில் எந்த இடத்தில் எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதலாம்.